விரைந்தோடும் அயனியும் காந்தத்தின் ஒழுங்கும்



அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் உருக்குத் துண்டுகளை அரைத்து மட்டமாக்கும் பொறியைச் சிலர் கண்டிருக்கக்கூடும். துண்டை இறுகப் பிடித்துக்கொள்வதற்கு அங்கே திருகாணி கிடையாது. கீழே அமைந்த காந்தப் பலகையே அதைப் பிடித்துக்கொள்கிறது. தொழிலாளர் அதனை ‘மேக்னட்டிக் சக்’ என்று வழங்குவர். வேலை முடிந்து துண்டை எடுத்த பிறகும் இரும்புத் தூள் அதனின்று எளிதில் உதிர்வதில்லை. காந்தத்தோடு சற்று நேரம் கூடியிருந்த உருக்கு, தானும் சிறிதளவு காந்தமாகிவிட்டது. அந்தக் குணத்தைப் போக்குவதற்கென்றே தனிக் கருவி ஒன்றும் பட்டறையில் இருக்கும்.

காந்தத்தின்மேல் தங்கியிருந்த பொருள் அதன் தன்மையைப் பெறுவது பெரிய வியப்பன்று. ஒரு துகள் காந்தத்தின்மேல் தங்காமல், அதன் ஊடே பாய்ந்து, விநாடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த காலத்தில் மறுபுறம் வெளியேறிவிட்டால் அப்போது என்ன நேரும்? அத்துணைக் குறுகிய காலத்தில் காந்தம் அதற்கு ஏதேனும் கொடுத்தனுப்ப இயலுமா? இயலும் என்று விடை கூறும் சோதனைகள் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் நிகழ்ந்தன. எவ்வாறு இயலும் என்பதில் கருத்து வேற்றுமைகளும் எழுந்தன. அந்த வரலாற்றை இன்று நாம் காண்போம். அதன் நடுவே நம் தமிழ்நாட்டு விஞ்ஞானி ஒருவருடைய பணியும் இடம்பெறுகிறது.

அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரான் பிரிந்து போனால் எஞ்சுவது அயனி. அது மின்னேற்றம் உடையதாதலால், மின்புலத்தைக் கொண்டு அதனை முடுக்கி விரைவாக ஓடச் செய்யலாம். எலெக்ட்ரானுக்கோ மின்னேற்றத்தோடு தற்சுழற்சி என்னும் குணமும் உண்டு. பம்பரத்தைப் போல உண்மையில் சுழல்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். சுழலும் பொருளுக்குரிய உந்தமும், சிறு காந்தத்துக்குரிய திசையும் அதற்கு இயல்பாகவே அமைந்துள்ளன என்று கொண்டால் போதும். காந்தப்புலத்தில் அளந்து பார்த்தால் அது புலத்தின் வழியே நிற்கும். அல்லது அதற்கு எதிராக நிற்கும். இடைப்பட்ட நிலை எதுவும் கிடையாது. ஒரு கற்றையில் உள்ள துகள்களில் பெரும்பாலானவை ஒரே பக்கம் நோக்கி நின்றால், அக்கற்றை தற்சுழற்சியில் ஒருமுகப்பட்டது என்கிறோம்.

இந்த இரட்டை நிலையைக் கண்ணுக்குப் புலனாக்கிய சோதனை 1922-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் நிகழ்ந்தது. ஆட்டோ ஸ்டெர்ன், வால்தர் கெர்லாக் என்னும் இருவர், உலையில் சூடேற்றிய வெள்ளியின் அணுக்களை மெல்லிய கற்றையாக்கி, ஒருபுறம் வலிமை மிகுந்தும் மறுபுறம் குறைந்தும் உள்ள காந்தப்புலத்தின் ஊடே செலுத்தி, கண்ணாடித் தகட்டில் படியச் செய்தனர். தகட்டில் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. ஸ்டெர்ன் மலிவான சுருட்டுப் பிடிப்பவர். அதன் புகையிலிருந்த கந்தகம் வெள்ளியோடு கூடிக் கருநிறம் தந்ததால்தான் படிவு தெரிந்தது என்று அவரே பிற்காலத்தில் கூறியதுண்டு. அக்கருமை ஒரே பட்டையாக இல்லை, இரண்டாகப் பிளந்திருந்தது. கெர்லாக் அதன் படத்தை ஓர் அஞ்சலட்டையில் ஒட்டி நீல்ஸ் போருக்கு அனுப்பினார். பிளவுக்குக் காரணம் எலெக்ட்ரானின் தற்சுழற்சி என்பது அன்று இருவருக்கும் தெரியாது. அக்கருத்தே 1925-இல்தான் பிறந்தது. அதனை வெளியிட்ட ஊலன்பெக், கௌட்ஸ்மிட் இருவரும் ஆலந்து நாட்டு இளைஞர்கள். முதுபெரும் அறிஞர் லோரன்ஸ், அப்படிச் சுழன்றால் எலெக்ட்ரானின் மேற்பரப்பு ஒளியினும் பன்மடங்கு விரைவாக ஓட வேண்டியிருக்குமே என்று கணக்கிட்டுக் காட்டியதும் அவர்கள் அஞ்சிக் கட்டுரையைத் திரும்பப் பெற விரும்பினார்கள். ஆனால் ஆசிரியர் ஏரன்பெஸ்ட் அதற்குள் அதனை அனுப்பிவிட்டிருந்தார். நல்ல வேளை!

இரும்பு, நிக்கல் முதலியவற்றின் காந்தத்துக்கு அடிப்படை இந்தத் தற்சுழற்சியே. இதற்கான சான்று அப்பெயர் பிறப்பதற்கு முன்பே கிடைத்திருந்தது. ஆயின் அதை உணர்வார் இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைனும் டி ஹாஸும் பெர்லினில் ஓர் இரும்புக் கோலைத் தொங்கவிட்டு, அதைச் சுற்றிய கம்பிச் சுருளில் மின்னோட்டத்தை மாற்றி மாற்றிச் செலுத்தினர். காந்தத்தின் திசை மாறும்போது கோலும் சற்றே முறுக்கிக்கொண்டது. காந்தத்துக்கும் சுழற்சிக்கும் உள்ள விகிதம் 1 என வரவேண்டும் என்று ஐன்ஸ்டைனின் கொள்கை கூறியது. ஒரு வரிசை அளவுகள் 1.45 என்றும், மற்றொரு வரிசை 1.02 என்றும் தந்தன. கொள்கைக்கு இசைந்த இரண்டாவதையே அவர்கள் வெளியிட்டனர். பின்னர் வந்தோர் கவனமாக அளந்தபோது விடை ஏறத்தாழ 2 என்றே கிடைத்தது. எலெக்ட்ரான் கருவைச் சுற்றி ஓடுவதால் காந்தம் பிறந்தால் 1, தற்சுழற்சியால் பிறந்தால் 2. இயற்கை தெளிவாகத்தான் சொல்லியிருந்தது. ஐன்ஸ்டைனைப் போன்றவரும் தாம் எதிர்பார்த்த எண்ணைக் கண்டவுடன் அளப்பதை நிறுத்திவிட்டார். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தற்சுழற்சி எலெக்ட்ரானுக்கு மட்டும் உரியதன்று. ஒளித்துகளுக்கும் அது உண்டு என்பதற்குச் சோதனைச் சான்று காட்டியவர்களுள் ஒருவர், திருவானைக்காவலில் பிறந்த சி. வி. இராமன். 1931-இல் அவரும் பகவந்தமும் கல்கத்தாவில், வாயுக்களில் சிதறிய ஒளியை ஆராய்ந்து அம்முடிவை வெளியிட்டனர். எனினும் காந்தப் பொருளின் உள்ளமைப்பை ஆராயும் நம் கதைக்கு இராமனைவிட நெருங்கியவர் அவருடைய மாணவர் கே. எஸ். கிருஷ்ணன். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898-இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, 1920-இல் கல்கத்தா சென்று இராமனை அடைந்தார். 1928-இல் கண்டுபிடிக்கப்பெற்ற ‘இராமன் விளைவு’ ஆராய்ச்சியில் அவர் பங்கு யாவரும் அறிந்ததே. அவ்வாண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். புகழ்பெற்ற சத்தியேந்திரநாத் போஸ் அங்கே பேராசிரியராக இருந்தார். டாக்காவில் கிருஷ்ணன் தொடங்கியதே படிகங்களின் காந்த ஆராய்ச்சி. வடமொழியிலும் தமிழிலும் ஆழ்ந்த பயிற்சியுடைய அவர் தமிழில் அறிவியல் கட்டுரைகளும் எழுதினார் என்பதைத் தமிழ் வழியில் பயிலும் மாணவர்கள் மறத்தல் ஆகாது.

அவர் கையாண்ட கருவி எளியது. மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றின் நுனியில் சிறு படிகத்தைக் கட்டி, சீரான காந்தப்புலத்தின் நடுவே தொங்கவிட வேண்டும். படிகம் தனக்கு இசைந்த ஒரு திசையில் திரும்பி நிற்கும். பிறகு இழையின் மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்க வேண்டும். படிகம் தன் நிலையை விட மனமின்றி, பிடிவாதத்தோடு சிறிது சிறிதாகவே திரும்பும். ஏறத்தாழ 45 பாகை திரும்பியவுடன் அதன் பிடி தளர்ந்து, திடீரென்று சுழன்று ஓடிவிடும். அந்தக் கணத்தில் மேல்முனை எத்தனை பாகை முறுக்கப்பட்டிருந்தது என்பதைக் குறித்துக்கொண்டால், படிகத்தின் காந்தக் குணம் ஒரு திசைக்கும் மறு திசைக்கும் எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். பெரும் பொருட்செலவு இல்லை. பொறுமையும், கைத்திறனும், கண் கூர்மையும் வேண்டும்.

இந்த ஊசலாட்டத்திலிருந்து அவர் பெற்ற செய்திகளோ மிகப் பெரியவை. துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையின் பொருளாகிய நாப்தலீனை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறுகள் தட்டையானவை. படிகத்தினுள் அத்தட்டுகள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் காந்த அளவுகளைக் கொண்டே அவர் கூறினார். மயில்துத்தத்தில் அவரும் முகர்ஜியும் 1930-களில் செய்த ஆராய்ச்சி இன்னும் நுட்பமானது. மயில்துத்தப் படிகத்தின் ஒவ்வொரு சிறு அறையிலும் இரண்டு செம்பு அயனிகள் உண்டு. ஒவ்வொன்றையும் சுற்றி நீர் மூலக்கூறுகளும் கந்தக அமிலத் தொகுதிகளும் சூழ்ந்து நிற்கின்றன. இரண்டு அயனிகளும் வகையால் ஒன்றே; ஆனால் சூழ்ந்துள்ள சுற்றத்தின் அச்சு இரண்டிடத்தும் ஒரே திசையில் இல்லை, செங்கோணத்துக்கு அருகான கோணத்தில் விலகி நிற்கிறது. இதைப் படிகத்தின் காந்தக் குணம் காட்டிக்கொடுத்தது. அயனியின் காந்தக் குணம் தனித்த ஒன்றன்று, அது இருக்கும் படிகத்தின் அமைப்பும் திசையும் அதனைப் பாதிக்கும் என்பது கிருஷ்ணனின் ஆராய்ச்சிகள் அனைத்திலும் ஓடும் இழை. அவர் 1940-இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார், 1947-இல் புது தில்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார், 1961-இல் மறைந்தார்.

கிருஷ்ணன் ஆராய்ந்தவை படிகத்தினுள் குடியிருக்கும் அயனிகள். படிகத்தின் ஊடே வழிப்போக்கனாய்ப் பாயும் அயனியைப் பற்றி எண்ணியவர் ருஷ்ய நாட்டு எவ்கெனி சவோய்ஸ்கி. அவரும் செம்பு, மாங்கனீசு உப்புகளின் காந்தத்தை ஆராய்ந்தவரே. 1944-இல் கசான் நகரில், காந்தப்புலத்தில் நிற்கும் அவ்வுப்புகள் குறிப்பிட்ட அதிர்வெண்ணுள்ள வானொலி அலைகளை விழுங்குவதைக் கண்டவர் அவர். எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குப் புரளுவதே அதற்குக் காரணம். அணுக்கரு ஆராய்ச்சிக்குத் தற்சுழற்சி ஒருமுகப்பட்ட புரோட்டான் கற்றை தேவைப்பட்ட காலத்தில், 1957-இல் அவர் ஒரு யோசனை கூறினார்: முழுதும் காந்தமாக்கப்பட்ட மெல்லிய இரும்பினத் தகட்டின் ஊடே புரோட்டான்களைச் செலுத்தினால், வெளியேறும்போது அவை தகட்டிலிருந்து எலெக்ட்ரானைக் கவர்ந்து ஹைட்ரஜன் அணுக்களாகும், தகட்டின் எலெக்ட்ரான்கள் ஒருமுகப்பட்டிருப்பதால் அணுவின் எலெக்ட்ரானும் அவ்வாறே இருக்கும், பிறகு அந்த ஒழுங்கு எலெக்ட்ரானிலிருந்து கருவுக்குச் செல்லும்.

இதிலுள்ள அழகு எளிதில் விளங்காது. கணக்கிட்டே பார்ப்போம். 150 ஆயிரம் வோல்ட்டில் முடுக்கப்பட்ட டியூட்டிரான், அதாவது கன ஹைட்ரஜனின் கரு, விநாடிக்கு ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். குமரிமுனையில் புறப்பட்டால் ஒரு விநாடிக்குள் காஷ்மீரைக் கடந்துவிடும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள நிக்கல் தகட்டில் ஏறத்தாழ 5,000 அணு அடுக்குகள் உண்டு. அத்தனையையும் இது விநாடியின் இலட்சம் கோடியில் கால் பங்கு நேரத்தில் கடந்துவிடும். நிக்கலின் காந்தப்புலம் 0.6 டெஸ்லா அளவினது. அப்புலத்தில் எலெக்ட்ரானின் தற்சுழற்சி அச்சு எவ்வளவு விரைவாகச் சுற்றினாலும், அந்த நேரத்துக்குள் ஒரு சுற்றின் இருநூறில் ஒரு பங்குகூடத் திரும்பாது. ஆகவே காந்தம் ஒருவருடைய முகத்தைப் பிடித்துத் திருப்பும் வேலை இங்கே நடைபெறுவதில்லை. முன்பே ஒழுங்குபட்டு நிற்கும் எலெக்ட்ரான்களில் ஒன்றை அயனி எடுத்துக்கொண்டு போகிறது. திருப்புதல் இல்லை, மாற்றிக்கொள்ளுதல் மட்டுமே. காலம் குறுகியதாயினும் இது இயலுவதற்குக் காரணம் அதுவே.

ஆவடியிலிருந்து காலையில் புறப்படும் மின்சார ரயிலை எண்ணிப் பாருங்கள். அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று நிலையங்கள் வருகின்றன. வண்டியில் ஒரே ஓர் இருக்கை மட்டும் உள்ளதாகக் கற்பனை செய்துகொள்வோம். ஒவ்வொரு நிலையத்திலும் இருப்பவர் இறங்குவார், வேறொருவர் ஏறுவார். நடைமேடைகளில் வெள்ளைச் சட்டையினர் மிகுதி, நீலச் சட்டையினர் குறைவு என்றால், வில்லிவாக்கம் தாண்டியதும் வண்டியில் இருப்பவர் வெள்ளைச் சட்டையினராக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. வண்டி எவருடைய சட்டையின் நிறத்தையும் மாற்றவில்லை. மேலும், வண்டியில் இறுதியாக இருப்பவர் யார் என்பதை ஆவடி தீர்மானிப்பதில்லை. கடைசி நிலையந்தான் தீர்மானிக்கிறது. அயனிக்குக் கடைசி நிலையம் தகட்டின் மேற்பரப்பு. இந்தக் கடைசிச் செய்தி பின்னால் பெரிய வழக்கிற்கு இடந்தந்தது.

எலெக்ட்ரானின் ஒழுங்கு கருவுக்கு எப்படிச் செல்கிறது? கருவும் ஒரு சிறு காந்தமே. வலிமையான காந்தப்புலத்தில் எலெக்ட்ரானும் கருவும் தனித்தனியே நிற்கும். அணு வலிமை குன்றிய புலத்துக்கு மெல்ல வந்து சேரும்போது இரண்டும் கைகோத்துக் கும்மியடிப்பார் போல் ஒன்றாகச் சுழலத் தொடங்கும். அப்போது ஒன்றன் ஒழுங்கு மற்றதற்கும் பங்காகிறது. டியூட்டீரியத்தில் இந்தக் கும்மியின் ஒரு சுற்றுக்கு விநாடியின் நூறு கோடியில் மூன்று பங்கு நேரம் பிடிக்கும். அதற்குள் நாம் கூறிய டியூட்டிரான் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் சென்றிருக்கும். கரு ஒழுங்குபட்டதா என்று அறிய அவற்றை டிரிட்டியத்தின்மேல் மோதவிடுவர். மோதலில் நியூட்ரானும் ஹீலியக் கருவும் வெளிப்படும். டியூட்டிரான்கள் ஒழுங்கின்றி இருந்தால் அவை எல்லாப் பக்கமும் ஏறத்தாழச் சமமாகத் தெறிக்கும். ஒழுங்குபட்டிருந்தால் சில கோணங்களில் மிகுந்தும் சிலவற்றில் குறைந்தும் தெறிக்கும். அந்த ஏற்றத்தாழ்வே அளவுகோல்.

1969-இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுக்கூடத்தில் மான்பிரெட் காமின்ஸ்கி இச்சோதனையை ஒற்றைப் படிகமாகிய நிக்கல் தகட்டைக் கொண்டு செய்தார். படிகத்தில் அணுக்கள் வரிசையாக நிற்பதால், நட்ட நெல்வயலில் ஒரு கோணத்தில் பார்த்தால் நாற்றுகளுக்கிடையே நேரான சந்துகள் தெரிவது போல, சில திசைகளில் திறந்த வழிகள் அமைகின்றன. அவ்வழியே அயனிகளைச் செலுத்தினால் அவை அணுக்களோடு அதிகம் மோதாமல் வெளியேறும். வெளிவந்த டியூட்டீரிய அணுக்களில் கரு ஒழுங்கு மிகப் பெரிய அளவில் இருப்பதாகக் காமின்ஸ்கி அறிவித்தார்.

அந்த ‘மிகப் பெரிய அளவு’தான் தொல்லை தந்தது. நிக்கல் அணு ஒன்றின் வெளிப்புற எலெக்ட்ரான்கள் 10. அவற்றில் ஒருபக்கம் நோக்கி மிகுந்து நிற்பவை சராசரியாக 0.6 அளவே. அதாவது நூற்றுக்கு ஆறு. ரயில் உவமையில் கூறினால், நடைமேடையில் வெள்ளைச் சட்டையினர் நீலச் சட்டையினரைவிட நூற்றுக்கு ஆறு பேரே மிகுதி. அப்படியிருக்க, வண்டியில் வருபவரெல்லாம் ஏறத்தாழ வெள்ளைச் சட்டையினராகவே இருப்பது எங்ஙனம்? 1970-இல் எபெல் என்பவர் ஒரு விளக்கம் தந்தார். நிக்கலில் பெரும்பான்மைத் தற்சுழற்சிக்குரிய இடங்கள் நிரம்பிவிட்டன. சிறுபான்மைக்குரிய இடங்களில் காலி உண்டு. ஓர் இடத்தில் ஓர் எலெக்ட்ரானே இருக்கலாம் என்பது பௌலியின் விதி. ஆகவே அயனியிடம் ஏறிய நீலச் சட்டையினர் திரும்ப இறங்க இடம் உண்டு. வெள்ளைச் சட்டையினர் இறங்க இடமில்லை. பல அடுக்குகளில் ஏறி இறங்கும் இந்த விளையாட்டின் முடிவில் இருக்கையில் வெள்ளைச் சட்டையினரே தங்கிவிடுவர். இறைகூடையால் சிறிது சிறிதாக நீரை மேலேற்றுவது போன்ற முறை இது.

விளக்கம் அழகாகவே உள்ளது. ஆனால் அழகு மட்டும் சான்றாகாது. உலோகத்தின் உள்ளே எலெக்ட்ரான் கூட்டம் நெருக்கமானது. அது அயனியின் கவர்ச்சியை மறைத்துவிடும். மெதுவான ஹைட்ரஜன் அயனி அங்கே ஒரு எலெக்ட்ரானைத் தன்னோடு நிலையாகக் கட்டி வைத்திருக்குமா என்பதே ஐயம். அப்படியானால் உள்ளே உள்ள 5,000 அடுக்குகளும் பார்வையாளரே. செயல் முழுவதும் வெளியேறும் மேற்பரப்பின் கடைசி ஒன்றிரண்டு அடுக்குகளில் நிகழ்கிறது. மேற்பரப்பிலோ துருவும், வாயுப் படலமும், எண்ணெய்க் கசிவும் ஒட்டியிருக்கக்கூடும். தெறிப்பில் கண்ட ஏற்றத்தாழ்வு தற்சுழற்சியால் வந்ததா, கற்றையின் பாதை சற்று விலகியதால் வந்ததா என்றும் கேட்க வேண்டும். நிக்கல் 358 பாகை செல்சியஸில் காந்தத் தன்மையை இழந்துவிடும். அவ்வெப்பத்துக்கு மேல் சூடேற்றியும் விளைவு நீடித்தால் காரணம் காந்தமன்று. தகட்டுக்குப் பதில் செம்பை வைத்தாலும் விளைவு மறைய வேண்டும். மாணவர்களே, இத்தகைய சோதனைகளை நீங்களே எண்ணிப் பட்டியலிடலாம். ஐன்ஸ்டைனின் இரும்புக் கோலை இங்கே நினைவு கூர்க.

உள்ளா, மேற்பரப்பா என்னும் வினாவுக்கு நேரான வழியைத் தேர்ந்தவர்கள் மியூனிக் நகர ஆய்வாளர்களாகிய ராவ், சிஸ்மன் இருவர். 1973-இல் அவர்கள் வெளியிட்ட சோதனையில் அயனி காந்தத்தின் ஊடே செல்லவே இல்லை. குளத்து நீரின்மேல் தட்டையான ஓட்டாஞ்சில்லை எறிந்தால் அது மூழ்காமல் தத்திச் செல்வதைக் கண்டிருக்கிறீர்கள். அவ்வாறே, மிகச் சிறிய கோணத்தில் டியூட்டிரான்களை நிக்கல் படிகத்தின் முகத்தின்மேல் செலுத்தினால் அவை முதல் அடுக்கைத் தாண்டாமலே தெறித்து மீளும். மீளும்போது அங்கிருந்து எலெக்ட்ரானைக் கவர்ந்து வரும். அங்கும் கரு ஒழுங்கு கண்டது. அதுவும் வலுவாகவே கண்டது. ஆழத்தில் பல அடுக்குகள் வேண்டியதில்லை. மேற்பரப்பே போதும் என்பது இதனால் பெறப்பட்டது. படிகத்தின் ஒரு முகத்தில் கண்ட அளவு மற்றொரு முகத்தில் இல்லை என்பதும் தெரியவந்தது. பொருள் ஒன்றே, நோக்கும் திசை வேறானால் காந்தத்தின் விடையும் வேறாகிறது. குவார்ட்ஸ் இழையில் படிகத்தைத் தொங்கவிட்ட டாக்கா ஆசிரியருக்கு இது புதிய செய்தியாகத் தோன்றியிராது. ஒருமுகப்பட்ட கற்றையைப் பெறுவதற்காகத் தொடங்கிய முறை, காந்தப் பொருளின் மேல் தோலை மட்டும் தொட்டு அறியும் கருவியாக மாறியது. விஞ்ஞானத்தில் இப்படி வழி மாறுவது அரிதன்று.

கற்றையைப் பெறும் நோக்கம் வேறிடத்தில் நிறைவேறியது. திடப்பொருளான தகட்டை விட்டு, ஆண்டர்சன் 1979-இல் சோடிய ஆவியை எடுத்துக்கொண்டார். லேசர் ஒளியால் ஆவியின் எலெக்ட்ரான்களை முன்பே ஒருமுகப்படுத்தி வைத்தால், அதன் ஊடே ஓடும் புரோட்டான் அவற்றில் ஒன்றைக் கவர்ந்து செல்லும். சவோய்ஸ்கியின் கருத்து அதுவே. இரும்பு மட்டும் ஆவியாயிற்று. ஜப்பானில் அம்முறை வளர்ந்தது. அமெரிக்காவில் புரூக்ஹேவனின் மாபெரும் மோதுவளையத்தில், ருபிடியம் ஆவியைக் கொண்ட இவ்வகை மூலத்திலிருந்து வந்த ஒருமுகப்பட்ட புரோட்டான்கள் 2001-ஆம் ஆண்டு இறுதி முதல் மோதவிடப்பட்டன. புரோட்டானின் தற்சுழற்சி எதனால் ஆனது என்னும் வினாவை ஆராய்வதற்காகவே அம்மோதல்கள் நிகழ்த்தப்பட்டன.

ஆனால் இரும்புத் தகடு கைவிடப்படவில்லை. கனமான அயனிகளோடு அதற்கு வேறொரு வாழ்வு கிடைத்தது. 1968-இல் ஓர் ஆய்வுக் குழுவினர், மோதலால் கிளர்ச்சியடைந்த அணுக்கருக்கள் இரும்பினுள் பாய்ந்து நிற்கும்போது எதிர்பாராத அளவு திரும்பியிருப்பதைக் கண்டனர். நின்ற பிறகு இரும்பு அவற்றின்மேல் செலுத்தும் புலத்தைக் கொண்டு அதை விளக்க இயலவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே, இலட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில், ஏதோ மிகப் பெரிய புலம் தோன்றி மறைகிறது. அதற்குக் ‘கணநேரப் புலம்’ என்று பெயரிடலாம். டென்மார்க் நாட்டு லிண்ட்ஹார்ட், வின்தர் இருவரும் 1971-இல் ஒரு கொள்கை கூறினர்: ஓடும் அயனியின் கவர்ச்சியால் இரும்பின் எலெக்ட்ரான்கள் அதன்பால் குவிகின்றன, அதனால் புலம் எழுகிறது. இக்கொள்கைப்படி அயனியின் வேகம் கூடக் கூடப் புலம் குறைய வேண்டும். நியாயமாகத்தானே தோன்றுகிறது? விரைந்து போகிறவனிடம் பெற்றுக்கொள்ள நேரம் ஏது?

1975-இல் ஆலந்தின் உட்ரெக்ட் நகரில் சிலிக்கன் அயனிகளை இரும்பில் மேலும் விரைவாகச் செலுத்தி அளந்தபோது விடை தலைகீழாக வந்தது. வேகம் கூடினால் புலமும் கூடியது. விரைவாக ஓடும் கன அயனி வழியில் தன் உட்கூட்டு எலெக்ட்ரான்களையும் இழக்கிறது. கருவை மிக நெருங்கிச் சூழும் கூட்டில் இடம் காலியாகிறது. இரும்பிலிருந்து வந்த ஒழுங்கு அந்த உட்கூடு வரை சென்று சேர்கிறது. அங்கே ஒற்றையாய் நிற்கும் எலெக்ட்ரான் கருவின் வாசலிலேயே நிற்பது போல. அது கருவின்மேல் செலுத்தும் புலம் ஆயிரக்கணக்கான டெஸ்லா. இரும்பின் சொந்தப் புலம் 2 டெஸ்லாவுக்குச் சற்று மேற்பட்டது. கடன் வாங்கிய ஒரு எலெக்ட்ரான், கொடுத்தவரினும் ஆயிரமடங்கு வலிமையோடு கருவைத் திருப்புகிறது. 2,000 டெஸ்லாப் புலத்தில் விநாடியின் இலட்சம் கோடியில் அரைப் பங்கு நேரம் இருந்தாலும் கரு ஏறத்தாழ ஒரு பாகை திரும்பிவிடும். கரு வெளியிடும் காமாக் கதிர்களின் அமைப்பும் அவ்வளவே சாயும். புறக் காந்தத்தின் திசையை எதிர்ப்புறமாக மாற்றினால் சாய்வும் எதிர்ப்புறம் மாறும். இரண்டையும் ஒப்பிட்டு அளப்பதால், கற்றை விலகியது, கருவி கோணலாயிற்று என்பன போன்ற ஐயங்களுக்கு இங்கே இடம் மிகக் குறைவு.

நம் நாட்டிலும் கன அயனிகளை இவ்வாறு விரைவாகச் செலுத்தும் முடுக்கி மும்பையில் 1988 இறுதியில் வந்தது. தில்லியில் 1990-களின் தொடக்கத்தில் மற்றொன்று வந்தது. சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் சிறிய முடுக்கிகளைக் கொண்டு அயனிகளைப் பலவகைப் பொருள்களினுள் செலுத்தி ஆராய்கிறார்கள்.

கணநேரப் புலத்தின் அளவை முதற்கொள்கையிலிருந்து கணக்கிட்டு அறியும் வழி இன்னும் முழுமையாக அமையவில்லை. அதன் கணக்கில் அயனியின் வேகம், அதன் உட்கூட்டில் ஏற்படும் காலி, இரும்பிலிருந்து அங்கே சென்று சேரும் ஒழுங்கு ஆகிய மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. ஆகையால் ஆராய்ச்சியாளர், காந்த வலிமை முன்பே நன்கு தெரிந்த ஒரு கருவை முதலில் இரும்பினுள் செலுத்தி, அது எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துப் புலத்தை மதிப்பிடுகின்றனர். பிறகு அதே வேகத்தில், அதே தகட்டில், தெரியாத கருவைச் செலுத்தி, அதன் திருப்பத்திலிருந்து அதன் காந்த வலிமையைப் பெறுகின்றனர். ஓர் இலட்சம் கோடியில் ஒரு பங்கு விநாடியே உயிர்வாழும் கருநிலைகள் பலவற்றின் காந்த வலிமை இம்முறையால்தான் அறியப்பட்டுள்ளது.